பச்சையில் பச்சை

அந்த ஆண்டு நவம்பர் முடியும் தறுவாயிலும் உறைபனி விழவில்லை. கடலணைக்கு அப்பால் சேற்றுநிலம் வழக்கம்போல் மூழ்குவதும் எழுவதுமாக இருந்தது. அணைக்கு இப்பால் மழை பெய்தது, நின்றது, மறுபடியும் பெய்தது. மேற்கிலிருந்து வீசிய காற்றில் ஈரம் இருந்ததே தவிர குளிர் இல்லை. எங்கள் கடலோரச் சிற்றூரான வெஸ்டர்சீலில் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளாத வீடு கிடையாது. ஏனெனில் உறைபனி படுமுன் கேல் கீரையை வெட்டக் கூடாது என்பது எங்கள் ஊரில் யாரும் எழுதிவைக்காத, ஆனால் யாரும் மீறாத சட்டம். பனி பட்டால்தான் அந்தச் சுருட்டை இலையிலிருந்து கசப்பு இறங்கும், இனிப்பு ஏறும். அதுவரை அது ஆட்டுக்கான தீனி என்பார்கள்.

பனி விழாததன் இன்னொரு விளைவு புழுக்கள். மஞ்சளும் கறுப்புமாகக் கூட்டங்கூட்டமாய் வருகிறவை செப்டம்பரிலேயே தின்று தீர்த்துப் போய்விடும். அவற்றைக் குழந்தைகூடப் பார்த்துப் பொறுக்கும். பனி விழும்வரை தங்குகிறவை வேறு இனம். கீரையின் நிறமே அவற்றின் நிறம். மேலே கண்ணுக்குத் தெரியாத மென்மயிர். இலையின் நரம்போடு நரம்பாக நீளவாக்கில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். புழுவைக் காண்பதற்கு முன் அதன் புழுக்கையைத்தான் காண முடியும்: இலை மடிப்பில் ஈரமாகத் திரண்ட கரும்பச்சைத் துகள்கள். அதைக் கண்டால், பக்கத்தில் எங்கோ ஆள் இருக்கிறது என்று பொருள்.

ஃபென்னாவின் வீட்டில் கீரை மூன்று பேரின் கைகளைக் கடந்துதான் தட்டுக்கு வரும். பயிரிடுபவன் அவள் கணவனின் அண்ணன் வியார்ட். கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவன், மணமாகாதவன், அவர்களுடைய பழைய பண்ணைவீட்டின் பின்பாதியில் தனியே வசித்தான். ஆய்ந்து கழுவுபவன் கணவன் ஹாபோ. சமைப்பவள் ஃபென்னா. காலை வேளைகளில் ரொட்டிக் கடையில் என்னோடு நின்று வேலை செய்தவள் அவள். இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி, அடுப்பிலிருந்து ரொட்டி வருவதற்குக் காத்திருந்த நேரங்களில் அவள் சொன்னது.

ஹாபோ பள்ளிப் பேருந்து ஓட்டினான். அணையோரச் சிற்றூர்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துப் பள்ளியில் விடுவதும், மதியம் திரும்பக் கொண்டுவருவதும் அவன் வேலை. இன்றைய பெற்றோரில் பாதிப் பேர் அவனுடைய பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள்தான். கீரை ஆய்வதிலும் அவனுக்கு அதே நிதானம் இருந்தது. முதலில் வாசலில் நின்று கொத்தை உதறுவான். பிறகு தண்டிலிருந்து இலையை உருவுவான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் இலையைக் கவிழ்த்து அமுக்கிவைப்பான். உப்பு பட்டால் புழு பிடியை விட்டுவிடும். “கீரையைத் தூக்கணும், தண்ணியைக் கொட்டக் கூடாது” என்பது அவன் வாய்ப்பாடு. தண்ணீரைக் கொட்டினால், விட்ட புழுவெல்லாம் மறுபடி கீரைமேலேயே வந்து படியும். மூன்று தண்ணீர் முடிந்ததும் ஒவ்வோர் இலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். அவன் கையைக் கடந்து ஒரு புழு தட்டுக்கு வந்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

அந்த நவம்பரில் பொறுமை இழந்தவன் வியார்ட்தான். “கடவுள் குடுக்காத பனியைக் கரண்ட் கம்பெனி குடுக்கட்டும்” என்று சொல்லி, கொத்துக் கொத்தாக வெட்டிய கீரையைச் சாக்கில் திணித்து, அப்படியே உறைபெட்டிக்குள் தள்ளிவிட்டான். கல்லாய் உறைந்ததை எடுத்து ஹாபோவிடம் தந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது கொழுப்பிலும் வெங்காயத்திலும் நெடுநேரம் வெந்து, ஓட்ஸ் போட்ட சாசேஜும் புகையூட்டிய பன்றி இறைச்சியும் மேலே வைக்கப்பட்டு, மேசைக்கு வந்தது. அடுத்த வீட்டு ஹில்காவும் அவள் மகள் இம்கேயும் விருந்தினர்.

ஹில்கா மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவள், வாய்த்துடுக்குக்காரி. முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள்.

“ஹாபோ, சாசேஜ் ஒரு வகைதான்னு நெனச்சேன். இது என்ன, ரெண்டாவது வகையா?”

வெந்து வெளிறி, சுருண்டு கிடந்தது அது. இம்கே எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, அதுக்குக் காலெல்லாம் இருக்கு!”

“இருக்கும்டி. நடந்துதானே வந்திருக்கும்.”

“இந்தா, தட்டைக் குடு” என்று ஃபென்னா எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது. “ஐயோ ஹில்கா, மன்னிச்சுக்கோ. இந்த வீட்டுல இப்படி நடந்ததே இல்ல.”

“விடு ஃபென்னா. ஆஸ்பத்திரி கேன்டீன்ல இதைவிட மோசமா தின்னிருக்கேன். ஆனா ஹாபோ கையில புழு தப்பிச்சுதுன்னா, அதுக்கு மெடல் குத்தணும்.”

வியார்ட் மேசையைத் தட்டிச் சிரித்தான். “என்னடா, வயசாயிடுச்சா?”

ஹாபோ சிரிக்கவில்லை. சாசேஜை நிதானமாக வெட்டிக்கொண்டே சொன்னான். “வயசு இல்ல. உன் உறைபெட்டி. உசுரோட இருந்தாத்தானே உப்புக்குப் பிடியை விடும்? விறைச்சுச் செத்தது எப்படி விடும்? இலையைக் கடிச்சமேனிக்கு அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு.”

“அதானே!” என்றாள் ஃபென்னா. அவளுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. “ஆய்ஞ்சு கழுவினப்புறம்தான் உறைய வைக்கணும், முன்னாடியே வைப்பாங்களா? வியார்ட், உனக்கு இதுகூடத் தெரியாதா?”

“ஓ. இப்ப நான்தான் குத்தவாளியா?”

“பின்ன யாரு, கரண்ட் கம்பெனியா?” என்றாள் ஹில்கா.

எல்லோரும் சிரித்தார்கள். வியார்டைத் தவிர. தன் தட்டைக் காலி செய்துவிட்டு, இனிப்புக்குக்கூடக் காத்திராமல் பின்வாசல் வழியாகத் தன் பாதிக்குப் போய்விட்டான்.

மறுநாள் நான்குமணித் தேநீருக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எங்கள் பகுதியில் ஒருவன் தேவாலயத்துக்கு வராவிட்டால் காரணம் கேட்க மாட்டார்கள். தேநீருக்கு வராவிட்டால் கேட்பார்கள். ஊருக்குள்ளும் செய்தி பரவியிருந்தது. பால் கூட்டுறவுச் சங்கத்து வாசலில் யாரோ அவனிடம், “உறைபெட்டியில இந்த வருஷம் விளைச்சல் எப்படி?” என்று கேட்டார்களாம். வியாழக்கிழமை ஃபென்னா ஒரு துண்டு ஆப்பிள் கேக்கை மூடி எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் தட்டினாள்.

வியார்ட் கொட்டகையில் இருந்தான். முன்னால் இரண்டு வாளிகள்.

“வா. உன்னைத்தான் எதிர்பார்த்தேன். இதைப் பாரு.” ஒரு வாளியில் அப்போதுதான் பறித்த இலை கிடந்தது. அதிலிருந்து விட்ட புழுக்கள் தண்ணீரில் நெளிந்தன. “இது உசுரோட. விட்டுடுச்சா?” மற்ற வாளியிலிருந்து துவண்ட இலையொன்றைத் தூக்கிக் காட்டினான். “இது உறைஞ்சது. பாரு, விடல. ஒத்துக்கிறேன். ஹாபோ சொன்னது சரி.”

“அப்புறம் என்ன? தேநீருக்கு வர வேண்டியதுதானே? கேக் கொண்டுவந்திருக்கேன்.”

“கேக்கை வை. நான் சொல்றதை முழுசாக் கேளு. உப்புக்கு விடாது, சரி. விடாத புழுவைப் பிடிக்கத்தானே ஜன்னல்? மூணு தண்ணி, அப்புறம் வெளிச்சத்துல பார்க்குறது. இதுதானே அவன் சட்டம்? இந்த இலையை நீ பிடி. அப்படிப் பிடி. தெரியுதா?”

ஃபென்னா கொட்டகைக் கதவின் வெளிச்சத்தில் இலையைப் பிடித்தாள். நரம்பையொட்டிய புழு, இறந்து நிறம் மங்கியதால், முன்னைவிடத் தெளிவாகவே தெரிந்தது.

“தெரியுது.”

“எனக்கும் தெரியுது, எழுபது வயசுல. அவன் கண்ணு என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு கேளு. நான் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணினேன், சரி. அவன் பார்க்கவே இல்ல. பார்க்காம விட்டுட்டு, பழியை என் பெட்டிமேல போட்டுட்டான்.”

கேக்கை வாங்கிக்கொண்டான், தேநீருக்கு வருவதாகச் சொல்லவில்லை. ஃபென்னா முற்றத்தைக் கடந்து திரும்புவதற்குள் அவளுக்கு வேறு சில நினைவுகள் வந்தன. அக்டோபரில் திருப்பத்தில் நின்ற குப்பைத் தொட்டியை அவன் ஓட்டிய கார் சாய்த்தபோது, காற்றுதான் அதை நடுரோட்டுக்குத் தள்ளிவிட்டது என்றான் ஹாபோ. எங்கள் ஊரில் எதற்கும் காற்றைக் காரணம் சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது. வார இதழின் குறுக்கெழுத்துக் கட்டங்கள் கோடையிலிருந்தே காலியாகக் கிடந்தன. தொலைக்காட்சிக்கு முன் நாற்காலியைச் சற்றே கோணலாகப் போட்டுக்கொண்டிருந்தான். கழுத்துப் பிடிப்பு என்றான்.

சனிக்கிழமை ஃபென்னா தானே தோட்டத்துக்குப் போய்க் கீரை வெட்டிக்கொண்டு வந்தாள். மழை விட்டிருந்தது. உறைபெட்டியின் பேச்சே வேண்டாம், ஹில்காவுக்கு மறுநாள் ஒரு நல்ல தட்டு வைத்து மானத்தை மீட்டாக வேண்டும் என்று கணவனிடம் சொன்னாள். ஹாபோ மறுபேச்சின்றிக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசையில் அமர்ந்தான். உதறினான், உருவினான், உப்புத் தண்ணீரில் அமுக்கினான். ஃபென்னா பாத்திரம் துடைக்கிற சாக்கில் அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

கைகள் பழையபடியேதான் வேலை செய்தன. மூன்றாவது தண்ணீரிலிருந்து இலையைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தான். பிடித்தவன் முகத்தை இலையை நோக்கித் திருப்பவில்லை. அடுப்புப் பக்கமாகத் திருப்பி, யாரோ பேசுவதைக் கேட்கிறவன்போலத் தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் பார்த்தான். கூடவே கட்டைவிரல் நரம்பின் வழியாக மேலிருந்து கீழே ஊர்ந்தது. நரம்பின் பாதியில் ஒரு புழு, உப்புக்கும் அசையாமல் ஒட்டியிருந்தது. விரல் அதன்மேல் ஏறி, இறங்கி, கடந்து போயிற்று. ஈரத்தில் ஊறிய விரலுக்கு அது நரம்பின் ஒரு தடிப்பாகவே பட்டிருக்க வேண்டும். இலை சுத்தமான கிண்ணத்துக்குப் போனது.

ஃபென்னா ஓசையில்லாமல் அந்த இலையை எடுத்தாள். அடுத்ததில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் இருந்தது, அதுவும் கிண்ணத்துக்குப் போனது. கொத்து முடியும்வரை அவள் பின்னாலேயே நின்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

“சுத்தமா, ஹாபோ?”

“சாமிக்கே படைக்கலாம்.”

அவள் கிண்ணத்திலிருந்து பொறுக்கிய புழுக்களை ஒரு வெள்ளைச் சாசரில் இட்டு அவன் முன்னால் வைத்தாள்.

“இது என்னன்னு சொல்லு.”

அவன் சாசரை நேராகப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிப் பார்த்தான். “என்ன, கீரைத் துணுக்கா? கரண்டியில ஒட்டினதா?”

வெள்ளைப் பீங்கானில் ஒன்று மெல்லத் தலையைத் தூக்கித் துழாவியது. அசைவு அவனுக்குத் தெரிந்துவிட்டது. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். உப்புத் தண்ணீர் விரல்களிலிருந்து அவன் கால்சட்டையில் சொட்டியது.

“எப்ப இருந்து?” என்றாள் ஃபென்னா.

“என்ன எப்ப இருந்து?”

“ஹாபோ.”

அவன் சாசரைத் தள்ளிவைத்தான். “கோடை லீவுல. கதவு நிலை வளைஞ்சு தெரிஞ்சுது. வீடுதான் இறங்குதுன்னு நெனச்சேன். களிமண்ணுமேலதானே நிக்குது. கொத்தனார் நேர் பார்க்கிற குண்டுநூல் எடுத்துவந்து பிடிச்சுப் பார்த்தேன். நூலும் வளைஞ்சிருந்துச்சு.”

“டாக்டர்கிட்ட?”

“போனேன். ரெண்டு கண்ணுலயும் நடுவுல பார்வை அழிஞ்சுக்கிட்டே வருதாம். ஊசி போட்டா அதோட நிக்கலாம். போனது போனதுதான்.”

“பஸ் ஓட்டுறேன்னு சொன்னியா அவர்கிட்ட?”

“என்ன வேலைன்னு கேட்டார். தச்சு வேலைன்னு சொன்னேன்.”

“தச்சு வேலை! ஒரு ஆணி நேரா அடிச்சிருக்கியா வாழ்க்கையில?”

“அவருக்கு அது தெரியாதுல்ல.” சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “ஓரமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, ஃபென்னா. சத்தியமா. வாய்க்கால் ஓரத்து நாணலை ஒண்ணொண்ணா எண்ணிச் சொல்லுவேன். பக்கக் கண்ணாடி தெரியுது. எந்தப் பய எந்த சீட்டுல சேட்டை பண்றான்னு தெரியுது.”

“நேரா?”

“ரோடுதானே? ரோடு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சது வேற, தெரியறது வேற. நேரா என்ன தெரியுதுன்னு கேட்டேன்.”

அவன் ஈரக் கையால் மேசையைத் துடைத்தான்.

“இம்கே எங்க ஏறுறா? எதிர்ப்பக்கம் நின்னு, ரோட்டைத் தாண்டி வந்து ஏறுறா. பஸ்ஸுக்கு முன்னாடி நடந்து வர்றா. உன் மூக்குக்கு நேரா.”

“அவ சிவப்புத் தொப்பி போடுறா. நான் நிறுத்திட்டுத்தான்...”

“தொப்பி போடாம வந்தா?”

அவன் எழுந்து தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான். ஃபென்னா கிண்ணத்தை மறுபடியும் மேசைமேல் கவிழ்த்து, ஒவ்வோர் இலையாக முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். இருட்டிக்கொண்டு வந்ததால் விளக்கைப் போட வேண்டியிருந்தது. நான்கு மணி ஆனதும், பேச்சு எந்த நிலையில் இருந்தாலும், தேநீர் போட்டாக வேண்டும். ஹாபோதான் போட்டான். கோப்பைகளில் கற்கண்டுக் கட்டிகளை இட்டு, மேலே கொதிக்கும் சாயத்தை ஊற்றினான். கற்கண்டு படபடவென வெடித்தது. பாலேட்டைக் கரண்டியால் விளிம்பு வழியாக இறக்கினான். கலக்காமல் குடிப்பதுதான் முறை: முதலில் பாலேடு, பிறகு கசப்பு, கடைசியில் இனிப்பு. அவன் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதைக் கற்கண்டு வெடிக்கும் ஓசையைக் கேட்டே அளந்தான் என்பதை ஃபென்னா அன்றைக்குத்தான் கவனித்தாள்.

“கிறிஸ்மஸ் லீவு வரைக்கும்” என்றான் ஹாபோ. “அதுக்கு என்ன, கொஞ்ச நாள்தான். லீவு விட்டதும் நானே போய்ச் சொல்லிடறேன். வருஷம் முடிஞ்சு மரியாதையா இறங்கினமாதிரி இருக்கும். பிள்ளைங்க வழக்கமா ஒரு படம் வரைஞ்சு குடுப்பாங்க. நடுவுல இறங்கினா, ஹாபோவுக்கு என்னாச்சு, ஹாபோவுக்கு என்னாச்சுன்னு...”

ஃபென்னா குடித்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவாத்தான் ஓட்டுறேன். முன்னைவிட மெதுவா. லேட்டா வருதுன்னு பட்டணத்துல புகாரே போயிருக்கு. அவ்ளோ மெதுவா ஓட்டுறேன்.”

எங்கள் பகுதியில் தேநீர் என்றால் மூன்று கோப்பை. அதற்குக் குறைந்தால் விருந்து கொடுத்தவரை அவமதித்ததாக ஆகும். போதும் என்பதை வாயால் சொல்வதில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்திவிட்டால் போதும், அதற்கு மேல் ஊற்ற மாட்டார்கள். முப்பது ஆண்டு இல்வாழ்க்கையில் ஃபென்னா மூன்றாவது கோப்பைக்கு முன் கரண்டியைத் தொட்டதில்லை. ஹாபோ இரண்டாவது கோப்பைக்காகக் கெண்டியைத் தூக்கினான். அப்போது பீங்கானில் கரண்டி விழும் ஓசை கேட்டது.

தூக்கிய கெண்டியோடு நின்றான் அவன். அதைப் பார்க்கக் கண் வேண்டியிருக்கவில்லை.

“முதல் கோப்பைதானே?” என்றான்.

“ஆமா.”

கெண்டியை அதன் தாங்கிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். தன் கோப்பைக்கும் அவன் ஊற்றிக்கொள்ளவில்லை.

ஃபென்னா முற்றத்தைக் கடந்து பின்கட்டுக்குப் போனாள். வியார்ட் வானொலியில் கடல் வானிலை கேட்டுக்கொண்டிருந்தான்.

“நாளைக்குச் சாப்பிட வா” என்றாள் அவள். “தப்பு உறைபெட்டிமேல இல்ல. என்னை மன்னிச்சிடு. ஹில்கா முன்னாடி உன்னைக் குத்தம் சொன்னதை அவ முன்னாடியே வாபஸ் வாங்கிக்கறேன்.”

“அப்போ யார்மேல?”

“வா. அவனே சொல்லுவான்.”

வியார்ட் வானொலியைக் குறைத்தான். தம்பியின் பேருந்தையும், திருப்பத்துக் குப்பைத் தொட்டியையும் அவனும் மனத்துக்குள் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். “கண்ணா?” என்றான். அவள் தலையசைத்தாள். “எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் போச்சு. ஆனா அவ எதையும் ஓட்டல” என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் அதே ஆட்கள் அமர்ந்தார்கள். கீரை கரும்பச்சையாகக் குழைந்து, பன்றிக்கொழுப்பு மினுங்க, வாணலியோடு நடுவில் இருந்தது. ஹில்கா முள்கரண்டியால் தன் தட்டில் ஒரு மேட்டைக் கிளறினாள்.

“இன்னைக்கு எனக்குக் கறி உண்டா, இல்லையா? போன வாரம் மட்டும் ஸ்பெஷலா?”

“இன்னைக்கு இருக்காது” என்றான் ஹாபோ. “இன்னைக்கு ஃபென்னா பார்த்தா.”

“ஏன், உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாளா?”

“தூக்கிட்டா. எனக்குத் தெரியல, ஹில்கா.”

“என்ன தெரியல?”

“கண்ணு. ரோட்டோரத்து நாணல் தெரியுது, நடுவுல இருக்கிறது தெரியல. வியார்டோட பெட்டிமேல தப்பில்ல. என் கண்ணுக்கு முன்னாடி இருந்தது எனக்குத் தெரியல. நாளையிலிருந்து நான் பஸ் எடுக்கல.”

இம்கே மென்றுகொண்டிருந்ததை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். ஹில்காவின் முகத்தில் கேலிக்காகக் கூடியிருந்த சிரிப்பு உடனே கலையவில்லை. அதுபாட்டுக்குக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“எவ்ளோ நாளா?”

“கோடையிலிருந்து.”

“கோடையிலிருந்து.” முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “ஸ்கூல் தொறந்ததிலிருந்து தினம் காலையில நான் இவளைக் கையசைச்சு அனுப்புறேன். ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து, கண்ணைத் திறக்க முடியாம நின்னு, ஹாபோ வந்துட்டான், இனிமே கவலையில்லன்னு போய்த் தூங்குறேன். நீ என்ன பார்த்துக்கிட்டு இருந்தே? நாணலையா?”

“ஹில்கா...” என்றாள் ஃபென்னா.

“நீ பேசாதே, ஃபென்னா. உனக்கு எப்பத் தெரியும்?”

“நேத்து.”

“சரி. அப்போ நீ பேசலாம். ஆனா இப்ப வேண்டாம்.” எழுந்து, வாசலில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். “இம்கே, எழுந்திரு.”

“அம்மா, நான் இன்னும் முடிக்கல.”

“எழுந்திருன்னேன்.”

கதவுவரை போனவள் திரும்பினாள். மருத்துவமனையில் ஆட்களை முறை வைத்து ஏவிப் பழகிய குரல் அது. “பஸ் கம்பெனிக்குச் சொல்லியாச்சா?”

“காலையில முதல் வேலையா...”

“காலையில சொன்னா நாளைக்கு யாரு பஸ் எடுப்பா? பிள்ளைங்க மழையில நிக்கணுமா? இப்ப பண்ணு. நான் இங்க நிக்கிறப்பவே பண்ணு.”

நடையில் இருந்த தொலைபேசிக்கு ஹாபோ போனான். எண்களைப் பார்த்து அழுத்த முடியாமல் இடமும் வரிசையும் வைத்து விரலால் தடவி அழுத்தினான். முதல்முறை தவறான வீட்டுக்குப் போயிற்று, மன்னிப்புக் கேட்டு வைத்தான். வியார்ட் எழப் பார்த்தான். ஃபென்னா அவன் கையைப் பிடித்து அமர்த்தினாள். இரண்டாம் முறை கிடைத்தது. சாப்பாட்டறைக்கு அவன் பேசியது முழுதும் கேட்டது. கண்ணைப் பற்றிச் சொன்னான். தச்சன் என்று பொய் சொன்னதையும் சொன்னான், அதை யாரும் கேட்காதபோதே. பிறகு நெடுநேரம் “ம்” என்றான். கடைசியாக, “சாவி வண்டியிலயே இருக்கு. மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், புதுசா வர்றவர்கிட்டச் சொல்லிடுங்க. எங்க ஊர் நிறுத்தத்துல ஒரு பொண்ணு ரோட்டைத் தாண்டி வரும், அதையும்” என்றான்.

ஹில்கா அதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கதவை அறையவில்லை; சாத்தினாள். ஃபென்னா ஒரு கிண்ணத்தில் கீரையும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்து மூடி, வேலிக்கு மேலாக இம்கேயின் கையில் கொடுத்து வந்தாள். வேண்டாம் என்று அது திரும்பி வரவில்லை என்பதைத் தவிர அன்று வேறு செய்தி இல்லை. மேசையில் மூவரும் ஆறிப்போனதைச் சாப்பிட்டு முடித்தார்கள். நான்கு மணிக்கு வியார்ட் தன் கோப்பையைத் தானே அலமாரியிலிருந்து எடுத்து வைத்தான்.

திங்கட்கிழமை மழை இல்லை. புல்மேல் வெண்மை படிந்திருந்தது போலத் தோன்றியது. தொட்டால் வெறும் பனித்துளிதான். வழக்கமான நேரத்துக்கு விழித்துக்கொண்ட ஹாபோ செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வாசல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேருந்து வரும் ஓசை அவனுக்கு முன்னதாகவே கேட்டது. ஓட்டியவர் மூன்றாவது கியரில் தடுமாறியதும் கேட்டது. நிறுத்தத்தில் பிள்ளைகள் ஏறினார்கள். வண்டி அவன் படலைக் கடந்தபோது உள்ளேயிருந்து பல கைகள் கண்ணாடியைத் தட்டின. ஹாபோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மகளை ஏற்றிவிட்டுத் திரும்பிய ஹில்கா சாலை நடுவில் நின்று அதைப் பார்த்தாள். அவள் கையில் கழுவிய கிண்ணம் இருந்தது.

“மொயின்” என்று எங்கள் ஊர் முகமனைச் சொன்னாள், படலுக்கு நேரே வந்து நின்று.

“மொயின், ஹில்கா” என்றவன் முகத்தை மறுபடியும் திருப்பினான், கொட்டகைச் சுவரைப் பார்ப்பவனைப்போல.

எங்கள் ஊரில் எதிரே நிற்பவரிடமிருந்து ஒருவர் முகத்தைத் திருப்பினால், அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் அத்தோடு பேச்சு முடிந்தது என்று பொருள். ஹில்காவின் உதடு இறுகியது. கிண்ணத்தைப் படல்மேல் வைத்துவிட்டுத் திரும்பப் போனவள் நின்றாள். அவன் கழுத்தின் கோணத்தையும், கடைக்கண் தன்மேலேயே இருப்பதையும் பார்த்தாள். பிறகு ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். இன்னும் ஓர் அடி.

“இங்கயா?” என்றாள்.

“இன்னும் கொஞ்சம். ம். அங்கதான்.”

“தெரியுறேனா?”

“தெரியுறே. தூங்கவே இல்ல போலிருக்கு.”

“யாரால?” அவள் குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “சாப்பிட்டோம். புழு இல்ல.”

“பார்த்தியா?”

“ஒவ்வொரு இலையா” என்றாள் ஹில்கா.